அத்தானின் கைராசி

கார் நடுவழியில் நின்றுபோனால் அக்கா முதலில் செய்வது மன்னிப்புக் கேட்பதுதான். பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களுக்குக் கையைத் தூக்கிக் காட்டுவாள். குளிப்பாட்டிவிட ஆள் வரும் என்று துண்டோடு உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குப் போன் போட்டுச் சொல்லுவாள். வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு; அந்த ஆபீசுக்கும் சொல்லுவாள். கடைசியாக, மிச்சம் மீதி இருக்கிற தைரியத்தைத் திரட்டிக்கொண்டு அத்தானைக் கூப்பிடுவாள்.

அத்தான் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பஸ் பிடித்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்து இறங்குவார். கையை நீட்டுவார். அக்கா சாவியைக் கொடுப்பாள். ஒரே திருப்பு. அதுவரை கட்டை மாதிரிக் கிடந்த வண்டி உறுமிக்கொண்டு எழுந்துவிடும்.

"பாத்தியா?" என்பார்.

அந்த ஒரு வார்த்தைதான்.

வீட்டில் இதற்கு 'அத்தானின் கைராசி' என்று பேரே வந்துவிட்டது. முதலில் அக்காவே சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சிரிப்பு போய், பேர் மட்டும் நின்றது. மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவர் குறை கண்டுபிடிக்கும் தன் ஸ்கேனரை வண்டியில் சொருகிப் பார்த்து ஒரு குறையும் இல்லை என்றார். மறுபடி போனபோது எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சென்சாரை மாற்றினார். அதற்கும் அடுத்த தடவை அத்தானைத் தனியாகக் கூப்பிட்டு, "வண்டி தங்கமாட்டம் இருக்குண்ணே. ஓட்டுறவங்களுக்குத்தான் இன்னும் கொஞ்சம் பழக்கம் வரணும்" என்றார். தனியாகத்தான் சொன்னார். ஆனால் அவர் குரல் ஒர்க்‌ஷாப்பின் எல்லா என்ஜினையும் தாண்டிப் பேசிப் பழகிய குரல்.

அக்காவின் தம்பிக்கு இது எல்லாம் தெரியும். அவன் அந்த வீட்டு ஹாலில் சோபாவில்தான் படுக்கிறான். அவனை இந்த ஊருக்கு வரவழைத்தவர் அத்தான். அலைந்து திரிந்து அவனுக்கு போன் ரிப்பேர் கடையில் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அத்தான். அப்படிப்பட்டவரின் கைராசியில் சந்தேகப்படுவது உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்கிற மாதிரி. அதனால் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தான். தூக்கம்தான் வரவில்லை.

"என்கூட வேலை பாக்குற ஒருத்தன் வண்டிய விலைக்குக் கேக்கிறான். ஞாயித்துக்கிழமை வர்றேன்னிருக்கான். குடுத்துரலாமா?" என்று சாப்பிடும்போது அத்தான் கேட்டார்.

"சரி" என்றாள் அக்கா.

"வேலைக்கு என்ன பண்ணுவே?"

"கார் இல்லாம அந்த வேலை செய்ய முடியாது. விட்டுர்றேன். எப்படியும் அவங்களே அனுப்பத்தான் போறாங்க. எனக்கு ராசி இல்லைங்க."

சண்டை போட்டிருந்தால்கூடத் தம்பிக்கு இவ்வளவு கலக்கம் வந்திருக்காது. வேலைக்குப் போடும் நீலச் சட்டையை மடித்துக்கொண்டே, உப்பு போதுமா என்று கேட்பவள் மாதிரி அவள் அதைச் சொன்னாள். படிக்கும் காலத்தில் டீச்சரோடே மல்லுக்கு நின்றவள் இவள்.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு காரில் ஏறிக்கொண்டான்.

"நீ எதுக்குடா? பஞ்சாயத்துக்குச் சாட்சியா?"

"சும்மாதான்க்கா. ஊர் பாக்க."

"நல்லா பாரு. நின்னு நின்னுதான் போகும், எல்லாத்தையும் பாக்கலாம்."

இரண்டு வீடுகள் முடியும்வரை ஒன்றும் ஆகவில்லை. வெயில் ஏறியது. நேரான சாலையில் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தபோது என்ஜின் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தது. தம்பி அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இடது கால் கிளட்ச் பக்கமே இல்லை; அணைந்தது அவள் தப்பால் இல்லை. ஓரமாக உருட்டி நிறுத்தி அவள் சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் சுற்றியது. என்ஜின் பிடிக்கவில்லை. சாவி போட்டதும் எரியவேண்டிய மஞ்சள் என்ஜின் விளக்கும் எரியவில்லை.

அக்கா போனை எடுத்தாள்.

"அத்தானைக் கூப்பிடாதேக்கா. கொஞ்சம் பொறு."

"வெளையாடறியா? அங்க ஒருத்தர் மாத்திரை போடாம உக்காந்திருக்காரு."

"அவரைக் கூப்பிட்டாலும் பஸ்ல வந்து சேரணும்ல? அந்த நேரம் மட்டும் சும்மா இரு."

பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு இருவரும் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தார்கள். அக்கா மாத்திரைக்குக் காத்திருப்பவருக்கும் ஆபீசுக்கும் போன் போட்டுச் சொன்னாள். உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள். எழுப்பவே அவனுக்கு மனசு வரவில்லை.

பஸ் வந்து சேரும் நேரம் கழிந்ததும் எழுப்பி, "இப்பத் திருப்பு" என்றான்.

ஒரே திருப்பு. எழுந்துவிட்டது. மஞ்சள் விளக்கும் எரிந்து அணைந்தது.

அக்கா சாவியையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவரு வரலையே" என்றாள்.

தம்பிக்கு அது புதிதில்லை. சூடானால் செத்துப்போய், ஆறினால் பிழைத்துக்கொள்ளும் போன்கள் அவன் கடைக்குத் தினமும் வரும். உள்ளே போர்டில் ஈயம் வைத்துச் சால்டர் பண்ணிய இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கும். சூட்டில் விரியும், குளிர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். என்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரும் ஒரு போர்டுதானே? பேட்டரிக்குப் பக்கத்தில், சாப்பாட்டு டப்பா அளவில், அனலில் வெந்துகொண்டு கிடக்கிறது. மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் ஆறின வண்டியைத்தான் பார்த்திருக்கிறார். அத்தானின் கைக்கு முன்னால், வண்டி ஆறும் அளவுக்கு, பஸ் பயணம் ஒன்று இருந்திருக்கிறது.

அடுத்த நாள் காலையில் அக்காவோடு அவன் ஒர்க்‌ஷாப்பில் போய் இறங்கியபோது கையில் அக்காவின் ஹேர் டிரையர் இருந்தது.

மெக்கானிக் அதைப் பார்த்தார். "வண்டிக்கு முடி வெட்டணுமா, இல்ல உலர்த்தினா மட்டும் போதுமா?"

"அண்ணே, ஒரே ஒரு தடவ. உங்க ஸ்கேனரச் சொருகிட்டு, நின்னு பாருங்க."

"நமக்கும் பொழுது போகணும்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் ஸ்கேனரை எடுத்து வந்தார்.

என்ஜினை ஓடவிட்டு, டிரையரின் மூக்கை அந்தக் கம்ப்யூட்டர் டப்பாவின் மேல் பிடித்தான். மெக்கானிக் ஜோக்கடித்தார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். மெக்கானிக் அடுத்த ஜோக்கின் பாதியில் இருந்தபோது என்ஜின் பொட்டென்று நின்றது. ஸ்கேனரில் என்ஜின் கம்ப்யூட்டரோடு தொடர்பு இல்லை என்று வந்தது. பிரேக் கம்ப்யூட்டர் மட்டும் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் ஜோக்கை முடிக்கவில்லை. "இரு. பெட்டிக்குக் கரண்ட் போகுதான்னு பாக்காம பெட்டியக் குத்தம் சொல்லக் கூடாது" என்று டெஸ்ட் பல்பை எடுத்து ஒயர் ஒயராகத் தொட்டார். எங்கும் பளிச்சென்று எரிந்தது. கரண்ட் இருக்கிறது, எர்த் இருக்கிறது, பெட்டிதான் செத்துக் கிடக்கிறது. தம்பி கடையிலிருந்து கொண்டுவந்த குளிர் ஸ்பிரேயை அதன்மேல் அடித்தான். உடனே ஸ்டார்ட் ஆனது.

"இன்னொரு தடவ பண்ணு" என்றாள் அக்கா.

பண்ணினான். நின்றது.

"இன்னொரு தடவ."

"தெரிஞ்சுபோச்சேம்மா" என்றார் மெக்கானிக்.

"உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்கு இன்னொரு தடவ பாக்கணும்."

மறுபடி நின்றதும் அவள் போனை எடுத்து, "என்னங்க, வண்டி நின்னுருச்சு. மெக்கானிக்கண்ணன் ஒர்க்‌ஷாப்புலதான் இருக்கேன்" என்றாள். வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். "அவரு உள்ள வர்றப்ப நல்லா சூடாக்கி வை. டிரையர அணைக்காதே."

தம்பிக்கு, அத்தான் படுக்க இடம் கொடுத்த சோபாவின் நினைப்பு வந்தது. ஆனாலும் டிரையரைப் பிடித்தான்.

அத்தான் வந்தார். வழக்கம்போலக் கையை நீட்டினார். டிரையரைப் பார்த்து, "இதென்ன கூத்து மாப்ளே?" என்றார்.

"நீங்க ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள் அக்கா.

திருப்பினார். ஸ்டார்ட்டர் சுற்றியது, அவ்வளவுதான். இன்னொரு திருப்பு. அத்தான் தலையைத் தூக்கி மூன்று பேரையும் பார்த்தார். தம்பி ஸ்பிரேயை அடித்தான். அக்கா ஜன்னல் வழியே கையை நுழைத்துச் சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமியது.

மெக்கானிக்தான் தயங்கித் தயங்கி விளக்கினார். அத்தான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் ஒவ்வொரு தடவையும் வேலைய விட்டுட்டு ஓடியாந்தது..."

"சும்மா இருந்திருந்தாலே ஸ்டார்ட் ஆகியிருக்கும்ண்ணே."

கோபம் வரும் என்று தம்பி நினைத்தான். வரவில்லை. அத்தான் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பஸ்களில் நின்றுகொண்டே வந்த களைப்பு எல்லாம் ஒன்றாக இறங்கின மாதிரி இருந்தது. கண்ணைத் திறக்காமலே, "சரியாக்க முடியுமா? முடியாதுன்னா ஞாயித்துக்கிழமை அவன் வந்து எடுத்துட்டுப் போகட்டும். எனக்கு இனிமே தெம்பு இல்ல" என்றார்.

உடைத்துப் பிரித்த வண்டிகள் கிடக்கும் யார்டிலிருந்து, அதே பார்ட் நம்பர் போட்ட பெட்டி ஒன்றை மெக்கானிக் சனிக்கிழமை வாங்கிவந்தார். மாட்டினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என்ஜின் பிடித்தது. உடனே அணைந்தது. மறுபடி பிடித்தது, மறுபடி அணைந்தது.

"பாத்தியா?" என்று அத்தானின் வாயிலிருந்து பழக்கத்தில் வந்துவிட்டது. அக்கா திரும்பிப் பார்த்தாள். அத்தான் வேறு பக்கம் பார்த்தார்.

"சூடுமில்ல, ஒண்ணுமில்ல" என்று மெக்கானிக் மண்டையைச் சொறிந்தார். "அட, இது வேற வண்டியில இருந்த பெட்டி. அந்த வண்டிச் சாவியத்தான் இதுக்குத் தெரியும். நம்ம சாவிய திருடன்னு நெனச்சு அணைக்குது."

"சாவி ஞாபகம் எதுல இருக்கும்?" என்றான் தம்பி.

"உள்ள எட்டுக் கால் சிப்பு ஒண்ணு இருக்கும். பழசுல இருந்து பேத்து இதுல வைக்கணும். என் கைக்கு ஆகாது, நான் ஸ்பானர் புடிக்கிறவன்."

தம்பி தன் கடைச் சாமான் பையைத் திறந்தான். மேஜையில் துணியை விரித்து, இரண்டு பெட்டிகளின் பசையையும் அறுத்து மூடிகளை நெம்பினான். பழைய போர்டில், பூதக்கண்ணாடிக்கு அடியில், ஒரு காலைச் சுற்றி வட்டமாக விரிசல் ஓடியது.

"அதையே பத்த வச்சுட்டா?" என்றார் அத்தான்.

"கண்ணுக்கு ஒண்ணு தெரியுது அத்தான். தெரியாம எத்தன இருக்கோ. அதுல அக்காவ ரோட்டுக்கு அனுப்ப மாட்டேன்."

அத்தானிடம் இவ்வளவு நிமிர்ந்து அவன் பேசியதில்லை. சிப்பு கருகினால் இரண்டு பெட்டியும் குப்பைக்கு, வண்டி நாளைக்கு வருகிறவனுக்கு, அக்கா வீட்டுக்கு. சிப்பின் எட்டுக் காலையும் பூதக்கண்ணாடியில் ஒரு தடவை எண்ணிப் பார்த்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை. அத்தான் டேபிள் லைட்டைத் தூக்கி, அவனுக்கு வாகாகப் பிடித்துக்கொண்டார். அவன் பிடித்த ஹாட்-கன்னின் சூட்டுக் காற்றில் ஈயம் உருகிப் பளபளத்தது. சிறு இடுக்கியால் பழைய சிப்பைத் தூக்கி, புதிய போர்டின் சிப்பை எடுத்த இடத்தில் அதே திசையில் உட்கார வைத்து ஒவ்வொரு காலாகப் பற்றவைத்தான்.

இந்தத் தடவை என்ஜின் அணையவில்லை. டிரையரையும் அடித்துப் பார்த்தார்கள். சளைக்கவில்லை.

அத்தான் டிரைவர் சீட்டுப் பக்கம் நடந்தார். அக்கா அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். அத்தான் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

ஒர்க்‌ஷாப் வாசலில் சாலைக்கு ஏறும் மேடு ஒன்று. அக்கா நிறுத்தி, இருபுறமும் பார்த்து எடுத்தபோது வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. எல்லோர் கண்ணும் மீட்டர் பக்கம் போனது. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது; பெட்டி உயிரோடுதான் இருந்தது.

"இது நான்தான்" என்றாள் அக்கா. "கிளட்ச சீக்கிரம் விட்டுட்டேன்." திருப்பினாள், ஏற்றினாள், போனாள்.

கொஞ்ச தூரம் போனபின் அத்தான் போனை எடுத்து, வண்டி கேட்டவனைக் கூப்பிட்டார். "நாளைக்கு வரவேண்டாம்ப்பா... இல்ல, வேற யாருக்கும் குடுக்கல." அந்தப் பக்கம் என்னவோ நச்சரித்தது. அத்தான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வித்துட்டா அவ எதுலப்பா வேலைக்குப் போவா?"