துரும்பு பிடித்த தொட்டி

தொட்டி வந்து இறங்கிய அன்று வேலிக்கு அப்பால் ஒரு சிறு கூட்டம் கூடிவிட்டது. நான்கு கால்களும் சிங்கப் பாதங்களாக இருப்பதைப் பார்த்து, இது எழுந்து நடக்குமா என்று ஒருத்தி கேட்டாள். வெள்ளைக்காரர்களைப் புதைக்கிற பெட்டி இப்படித்தான் இருக்கும் என்று பக்கத்து வீட்டு லீலாபாய் அடித்துச் சொன்னாள். வீட்டுக்குள் சாய்வு நாற்காலியில் இருந்த ஞானபாய்க்கு அது கேட்டுவிட்டது.

"அதுல வச்சு என்னை எடுக்கணும்னா இந்தத் தெருவில உள்ள ஆம்பிளை எல்லாம் போராது, லீலா. உன் மாப்பிளையையும் சேத்துத்தான் சொல்லுதேன்" என்றாள்.

வேலியோரம் முழுக்கச் சிரித்தது. மருமகள் ஓமனாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தத் தொட்டி இனி அவள் பொறுப்பு.

ஞானபாய்க்கு இரண்டு முழங்காலிலும் வாதம். ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரையோடு ஒரு யோசனையும் சொல்லியிருந்தார்: தினமும் இடுப்பு மூழ்க வெந்நீரில் உட்கார வேண்டும். மகன் ஜெபசீலன் அதைப் பிடித்துக்கொண்டான். பேச்சிப்பாறையில் கால்வாய் வேலைக்கு ஓவர்சியராக இருந்தவன் அவன். சனிக்கிழமை வருவான், திங்கள் காலை முதல் பஸ்ஸில் போய்விடுவான். மலைமேல் ஏதோ எஸ்டேட் துரை சீமையிலிருந்து வரவழைத்த வார்ப்பிரும்புத் தொட்டி, துரையே ஊரைவிட்டுப் போய்விட்டதால் குளச்சல் கிடங்கில் பிரிக்காமல் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் வாங்கிவிட்டான். இரும்பின் மேல் வெள்ளை இனாமல் பூசியது. வைக்கோல் திணித்த மரக்கூட்டுக்குள் மாட்டுவண்டியில் வந்தது. பின்முற்றத்து ஓலைமறைப்புக்குள் அதை நிறுத்திவைத்து, மறுநாள் கிளம்பும்போது அவன் ஓமனாவிடம் சொன்னான்:

"அம்மைய உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். தொட்டியையும்."

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து அவள் ஒரு மழைக்காலம்கூட முழுதாகப் பார்த்திருக்கவில்லை. அவள் ஊர் குழித்துறைக்கும் மேற்கே, அம்மை பாறசாலைக்காரி. அவள் வாய் திறந்தால் நாகர்கோவில் பக்கத்து ஆட்களுக்குக் கொண்டாட்டம். வெள்ளம் கோரப் போகிறேன் என்று கிணற்றுக்குக் குடத்தோடு நடந்தால், எந்த ஆறு உடைந்தது என்று லீலாபாய் கேட்பாள். அதனால் ஓமனா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். எந்தச் சொல் இங்கே செல்லும், எது செல்லாது என்று மனதுக்குள் பிரித்துவைத்துப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். மாமியாரிடமும் அப்படித்தான். ஞானபாய் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் எல்லாரோடும் விளையாட்டாகப் பேசுகிறவள் மருமகளிடம் மட்டும் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல் மரியாதை பார்த்து பேசினாள். ஓமனாவுக்கு அதுதான் உறுத்தல். இந்தத் தொட்டி விஷயத்தையாவது ஒழுங்காகச் செய்து மாமியாரின் வலியைக் குறைத்துவிட்டால் அந்த இடைவெளி அடைபடும் என்று அவள் நம்பினாள்.

ஜெபசீலன் போன அன்றே வைக்கோலை ஒரு பிசிறு இல்லாமல் பெருக்கி எடுத்து, தொட்டியை நனைந்த துணியால் துடைத்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. மிளகு மிளகாகச் செம்புள்ளிகள். விளிம்பில் சில, அடியில் தண்ணீர் போகும் துளையைச் சுற்றிச் சில. நகத்தால் சுரண்டினாள். போகவில்லை. புத்தம் புதுத் தொட்டி. தன் கைக்கு வந்த முதல் நாளே இப்படியா என்று இன்னொரு தடவை அழுத்திச் சுரண்டிப் பார்த்தாள்.

பேச்சிப்பாறைக்குச் சுண்ணாம்பு ஏற்றிப் போகிற வண்டிக்காரர் கபிரியேல் மறுநாள் காலை அந்த வழியாகப் போனார். ஓமனா வாசலுக்கு ஓடினாள். தொட்டியில் துரும்பு பிடித்திருக்கிறது, என்ன செய்யட்டும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவரச் சொன்னாள். கபிரியேல் கோட்டாற்றுக்காரர். துரும்பு எப்படி ஐயா பிடிக்கும் என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு தலையாட்டிவிட்டுப் போனார். ஞானபாய் நாற்காலியில் இருந்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது கபிரியேல் வண்டியை நிறுத்தாமலே பதிலைச் சொன்னார்.

"ஓவர்சியர் சிரிச்சிட்டாரு பிள்ளே. துரும்பு கிடக்கத்தான் செய்யும், அதுக்கா ஆள் விட்டாங்கன்னாரு. தொட்டி நிறைய தண்ணிய ஊத்தி அப்படியே போட்டிரணுமாம். நாலு நாள் ஊறினா தானா மிதந்து வந்திருமாம். கை வச்சுத் தேய்க்கப்பிடாதுன்னு சொன்னாரு."

ஓமனாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. துரும்பு மிதந்து வருமா? அவள் அம்மை வீட்டில் அரிவாளில் துரும்பு பிடித்தால் தண்ணீர் பக்கமே காட்டமாட்டார்கள். ஆனால் சொன்னவர் சர்க்கார் ஓவர்சியர். அணைக்கட்டின் இரும்புக் கதவுகளையே பார்த்துக்கொள்கிறவர். சீமை இரும்புக்குச் சீமை வைத்தியம் இருக்கும் போலும். மாமியாரின் முகத்தைப் பார்த்தாள்.

"அவன் சொன்னபடி செய் பிள்ளே. படிச்சவன் சொல்லுதான்" என்றாள் ஞானபாய், மோட்டு ஓட்டைப் பார்த்துக்கொண்டு.

ஓமனா கிணற்றில் இறைத்து இறைத்துத் தொட்டியை விளிம்புவரை நிரப்பினாள். தோள் இரண்டும் கழன்றுபோயின. அன்று மாலை எட்டிப் பார்த்தாள், ஒன்றும் மிதக்கவில்லை. மறுநாளும் மிதக்கவில்லை. அதற்கும் மறுநாள் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு பழுப்புக் கோடு கீழே வழிந்திருந்தது. துளையைச் சுற்றி வெற்றிலை துப்பியதுபோல ஒரு வளையம். காலையில் பித்தளைச் சட்டியில் வெந்நீர் ஒற்றடம் கொடுக்கும்போது ஓமனா தயங்கித் தயங்கி, இன்னும் சரியாகவில்லை மாமி என்பாள். ஊறட்டும் பிள்ளே, என்ன அவசரம் என்பாள் ஞானபாய். அவள் அப்படிப் பொறுமையாகச் சொல்லச் சொல்ல ஓமனாவுக்கு நெஞ்சு இன்னும் கனத்தது. வலியைப் பொறுத்துக்கொண்டு என் மேல் குறை சொல்லாமல் இருக்கிறார்களே என்று நினைத்து அடுப்படியில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பொறுமை போயிற்று. எப்படியும் கெட்டது கெட்டதுதான், நாளைக்கு அவர் வந்து பார்ப்பதற்குள் தனக்குத் தெரிந்ததைச் செய்துபார்க்கலாம் என்று தண்ணீரைத் திறந்துவிட்டாள். லீலாபாய் வீட்டு வேலியோரம் ஒரு புளிச்சக்காய் மரம் நின்றது. அடிமரம் முழுக்கக் கொத்துக் கொத்தாகக் காய்த்து, மீன்குழம்புக்குப் போக மீதியெல்லாம் உதிர்ந்து வீணாகும். அதற்கு அவள் ஊரில் இரும்பன்புளி என்று பெயர். கத்தியிலும் வெள்ளைத் துணியிலும் பட்ட கறைக்கு அங்கே அதைத்தான் தேய்ப்பார்கள். மடி நிறையப் பொறுக்கிவந்தாள்.

முதலில் விளிம்புக்கு அடியில், யார் கண்ணுக்கும் தெரியாத ஓரிடத்தில் ஒரு காயை நறுக்கித் தேய்த்துப் பார்த்தாள். இனாமலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகே புள்ளிக்கு வந்தாள். கொஞ்சம் உப்பு, அதன்மேல் நறுக்கிய காய், வட்டமாக நாலு சுற்று. நல்ல தண்ணீர் விட்டு உடனே கழுவி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தாள். புள்ளி இருந்த இடம் பால்போல் வெளுத்திருந்தது. அவள் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு அடுத்தது. மரக்கூட்டின் ஆணியும் கடல் ஈரமும் சேர்ந்து மேலோடு ஒட்டவைத்த கறைகள் அவை, ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. துளைக்கு அருகே இரண்டு இடங்கள் மட்டும் வெளுக்கவில்லை. கறை போனதும் அங்கே வெள்ளை இல்லை. இனாமல் தெறித்து உள்ளிரும்பு கறுப்பாகத் தெரிந்தது. அந்த இரண்டையும் துடைத்து, தேங்காயெண்ணெய் தொட்டுவைத்தாள். எழுந்தபோது விரல் நுனியெல்லாம் புளிப்பில் வெந்து எரிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஜெபசீலன் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓலைமறைப்புக்குள் போனான். துளைக்குப் பக்கத்தில் கறுப்பாகத் தெரிந்த இரண்டு இடங்களையும் குனிந்து பார்த்தான்.

"இங்க துருல்லா பிடிச்சிருந்திருக்கு. ஏன் எனக்குச் சொல்லி விடல?"

"சொல்லி விட்டேனே" என்றாள் ஓமனா. "துரும்பு பிடிச்சிருக்குன்னு கபிரியேல் அண்ணன்ட்ட சொன்னேன். நீங்கதான் வெள்ளம் நிறைச்சுப் போடச் சொன்னீங்க."

அவன் அவளையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். தொட்டியின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தான்.

"துரும்புன்னா உங்க ஊருல துருவா?"

"பின்னே இங்க என்ன?"

"வைக்கல் துண்டு, ஓமனா. வைக்கல். கூட்டுக்குள்ள வைக்கல் திணிச்சு வந்துதுல்லா. அதுல ரெண்டு ஒட்டிட்டிருக்கு போலன்னு நினைச்சேன்."

ஓமனா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் உடைந்து வந்த சிரிப்பு. நாற்காலி கிரீச்சிட்டது. ஓமனா அடுப்படி வாசலுக்கு வந்தாள். ஞானபாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மருமகளின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு அப்படியே நின்றது.

"மாமிக்கு முன்னமே தெரியுமா?"

ஞானபாய் சேலைத் தலைப்பை விட்டுவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"பாறசாலைப் பக்கம் வீடு வீடா ஏறி இறங்கி வேதம் வாசிச்சவ நான். இந்த முட்டு அங்க நடந்து தேஞ்சதுதான். துரும்புன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா பிள்ளே."

"பின்னே ஏன் சொல்லல? நான் நாலு நாளா அடுப்படியில இருந்து அழுது..." ஓமனாவால் முடிக்க முடியவில்லை.

"அந்தத் தொட்டியில ஏற எனக்கு மேலு கூசிச்சு. நானா ஏற முடியாது. நீதான் தூக்கணும். வந்து நாலு நாள் ஆகாத பிள்ளை, நனஞ்ச கோழி மாதிரி என்னைப் பாக்கணும். ஊறுத வரைக்கும் ஊறட்டும்னு இருந்திட்டேன். நீ அடுப்படியில இருந்து அழுதது எனக்குத் தெரியாது மக்களே. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்."

ஓமனா கிணற்றடிக்குப் போய்விட்டாள். வாளியை இறக்கினாள்; இழுத்தாள்; இறைத்த தண்ணீரை வாழை மூட்டில் ஊற்றினாள்; மறுபடி இறக்கினாள். வாழைக்குத் தண்ணீர் தேவையே இல்லை. தான் பார்த்துப் பார்த்துப் பேசியதுபோல அந்த மனுஷியும் தன்னிடம் பார்த்துப் பார்த்து ஒளிந்திருக்கிறாள் என்பது வாளி மூன்றாம் முறை மேலே வரும்போதுதான் அவளுக்குப் பட்டது. கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் பாதிக்குமேல் போய்விட்டது.

திரும்பிப் பார்த்தபோது ஞானபாய் கம்பை ஊன்றிப் பின்முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலியிலிருந்து அதுவரை தனியாக வந்திருக்கிறாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"வெந்நீர் போடு. இண்ணைக்கே இறங்குதேன்" என்றாள்.

"இண்ணைக்குப் பற்றாது, இறங்க முடியாது" என்றாள் ஓமனா. "ரெண்டு இடத்துல இனாமல் போயிருக்கு. பெயின்ட் அடிச்சு உணங்கணும்."

"நான் மனசு வச்ச அண்ணைக்கு அதுக்குப் பெயின்ட் உணங்கணும்" என்று ஞானபாய் மகனிடம் முறையிட்டாள்.

ஜெபசீலனின் பையில் ஒரு சிறு டப்பா இருந்தது. கால்வாயில் தண்ணீர் மட்டம் பார்க்கிற பலகைக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட். ஜன்னலுக்கு ஆகட்டும் என்று மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிவந்தது. ஓமனா எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துக் கொடுக்க, அவன் கோழி இறகால் இரண்டு இடத்திலும் தொட்டுவைத்தான். காய்ந்தபின் மறுபடியும் ஒரு பூச்சு. வைக்கோல் என்று நினைத்ததற்கு இரண்டு நாளும் பேச்சு வாங்கினான். திங்கட்கிழமை கிளம்பும்போது, அடுத்த சனிக்கிழமை நான் வந்து தூக்கிவிடுகிறேன், அதுவரை பொறுங்கள் என்று சொல்லிப் பார்த்தான். உன் வேலையைப் பார் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பெயின்ட் நன்றாக இறுகியபின் ஒரு மத்தியானம் ஓமனா வெந்நீர் போட்டாள். தூக்குவதைப் பற்றி அவள் நாலு நாளாக யோசித்திருந்தாள். தொட்டியின் உயரத்துக்கு ஒரு பெஞ்சை ஒட்டிப் போட்டாள். உள்ளே ஒரு பலகை. அதற்கடியில், இனாமல் தெறிக்காமலிருக்க மடித்த சாக்கு. ஞானபாய் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக உள்ளே போட்டு, ஓமனாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பலகைக்கு இறங்கினாள். பழைய சேலை ஒன்றைச் சுற்றியிருந்தாள். இறங்கியதும், திரும்பி நில்லு என்றாள். ஓமனா ஓலையைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

முதுகுக்குப் பின்னால் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. பிறகு சத்தமே இல்லை. ஓமனா பயந்து, மாமி என்று கூப்பிட்டாள்.

"அங்க என்னத்தப் பாக்க? இங்க திரும்பு. முதுகுக்கு ஊத்த ஆள் வேண்டாமா?"

ஓமனா திரும்பினாள். ஞானபாய் கண்ணை மூடியிருந்தாள். வலியில் எப்போதும் இறுகியிருக்கும் வாய் தளர்ந்திருந்தது. வேலிக்கு அப்பாலிருந்து லீலாபாய், தொட்டி எப்படி மாமி என்று குரல் கொடுத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா உனக்கு இடம் கிடையாது" என்றாள் ஞானபாய், கண்ணைத் திறக்காமல்.

தண்ணீர் ஆறிக்கொண்டே வந்தது. போதும் மாமி, விரலெல்லாம் சுருங்கிப் போச்சு என்றாள் ஓமனா. வெளியே இருந்தால் மட்டும் விரிந்தா இருக்கு, இன்னும் ஒரு செம்பு ஊற்று என்றாள் ஞானபாய். ஊற்றினாள். இன்னும் ஒன்று. அண்டாவில் தண்ணீர் தீர்ந்த பிறகுதான் அவள் இரண்டு கைகளையும் குழந்தைபோல மேலே நீட்டினாள். ஓமனா குனிந்தாள், ஈரக் கைகள் அவள் கழுத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டன.

மாமியாரைத் துவட்டி உட்காரவைத்துவிட்டு ஓமனா மறுபடி ஓலைமறைப்புக்குள் போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டு, ஒரு சொட்டு நிற்காமல் தொட்டியைத் துடைத்தாள். விளிம்பின் அடி, துளையின் ஓரம், பலகை இருந்த இடம். உள்ளேயிருந்து ஞானபாய் இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை குரல் உயர்ந்தது.

"ஏட்டி, அது எங்கயும் ஓடிப் போயிராது. கஞ்சி ஆறுது. நீ வராம நான் கை நனைக்க மாட்டேன், பாத்துக்க."

இதுவரை அவளை யாரும் அந்த வீட்டில் ஏட்டி என்று கூப்பிட்டதில்லை. ஓமனா துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.