மணிக்கட்டில் காய்ச்சல் இல்லை

வாவிமேல் கிடந்த பனி கலைவதற்குள் யசோதா கிளினிக்கை ஒருதரம் துடைத்து முடித்திருந்தாள். கையுறை கிழிந்து, குளோரின் விரலிடுக்கில் இறங்கி எரிந்தது. எரிந்தால் யாருக்கு என்ன! வாசலில் பெரிய பலகை மட்டும் பளபளத்தது: 'கொரோனாவுக்குப் பயமில்லை, இங்கே நீங்கள் பத்திரம்.'

நல்ல பத்திரம். நோயாளிகளுக்கு நம்பர் கொடுக்கும் சுகிர்தா அதே நோயில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மடுல்கெல்ல தோட்டத்து லயத்திலிருந்து அவள்தான் நோயைக் கொண்டுவந்தாள், இனி அவளுக்கு இங்கே வேலையில்லை என்று முகாமையாளர் கஜேந்திரன் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அவளோ தீபாவளிக்குக்கூட ஊர்ப்பக்கம் போகாமல் கிளினிக்கின் பின்னறையிலேயே தங்கியிருந்தவள். பிறகு எங்கிருந்து வந்தது?

அன்றிலிருந்து ஊழியர்கள் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. ஒருத்தி செருமினால் மற்றவள் தேத்தண்ணிக் கோப்பையோடு எழுந்து போனாள். யசோதாவின் சந்தேகமெல்லாம் கேற்றில் காய்ச்சல் பார்க்கும் ஷப்ராஸ் மேல்தான். எத்தனை பேர் இருமிக்கொண்டு வந்தாலும் இவன் ஒருவரையும் மறித்ததில்லையே, தெரிந்தவர்களை நைசாக உள்ளே விடுகிறானோ?

படியைத் துடைக்கிற சாக்கில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பஸ்ஸில் வந்தவர்கள் குளிரில் ஒடுங்கி நின்றார்கள். ஷப்ராஸ் கருவியை ஒவ்வொருவரின் மணிக்கட்டுக்கும் நீட்டினான். கண் சிவந்து, நிற்கவே முடியாமல் நின்ற ஒரு பெரியவரையும் அப்படியே பார்த்து உள்ளே விட்டான். யசோதா துடைப்பதை விட்டுவிட்டு அவனிடம் போனாள்.

"ஏன் தம்பி நெத்தியில வைக்கல? பனியில வெறைச்ச கையில காய்ச்சல் எங்க தெரியும்?"

ஷப்ராஸ் தலைகுனிந்தான். "நெத்தியில வெச்சா நெறய பேர திருப்பி அனுப்ப வருது, கையில வைன்னு கஜேந்திரன் சேர்தான் சென்னாரு அக்கா. சுகிர்தா விழுந்ததுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

அவனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று யசோதா கூசிப்போனாள்.

மத்தியானம் எல்லோரையும் பின்முற்றத்தில் தள்ளித் தள்ளி நிற்கவைத்து அவள் விஷயத்தைச் சொன்னாள். இரத்தம் எடுக்கும் தனுஜா, இதை யார் போய் சேரிடம் போட்டுக்கொடுப்பார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். நாம் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டிருக்கிற வரைக்கும் அவருக்கு வேறு காவல் வேண்டாம் என்றாள் யசோதா. அதற்குமேல் யாரும் தயங்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது கேற் பூட்டியிருந்தது. பூட்டிய ஊழியர்கள் அதன் முன்னால் இடம்விட்டு நின்றார்கள். காரைவிட்டு இறங்கிய கஜேந்திரனின் முகம் கறுத்தது.

"யாரு இதுக்கெல்லாம் தலைவி?"

"அப்படி யாரும் இல்ல சேர்," என்றாள் யசோதா. "காய்ச்சல்காரங்கள வெளியில தனியா வச்சுப் பாக்கணும். சுகிர்தாவ திரும்ப எடுக்கணும்."

"அவ லயத்துல இருந்து கொண்டு வந்தா நானா பொறுப்பு?"

"கொண்டு வந்தது அவ இல்ல சேர்," என்றான் ஷப்ராஸ். "காய்ச்சல்காரங்கள உள்ள விட்டது நான். விடச் சென்னது நீங்க."

வெளியே வரிசையில் நின்ற நோயாளிகளின் காதில் அது தெளிவாக விழுந்தது. கஜேந்திரன் பக்கத்துக் கதவைத் தானே திறந்து, டொக்டர் வந்துவிடுவார், ஒரு பயமும் இல்லை, வாருங்கள் என்று கூப்பிட்டார். ஒருவரும் அசையவில்லை. நோய் யாரிடம் இருக்கிறதோ என்று பக்கத்தில் நின்றவர்களின் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

நடுவில் நின்ற ஒரு பெண் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வரிசையைவிட்டு விலகினாள்.

"எனக்குக் காய்ச்சல்தான். திருப்பி அனுப்பிருவாங்கன்னு ரெண்டு பெனடோல் குளிசை போட்டுட்டு வந்தேன்," என்றாள். யாரும் அவளை ஏசவில்லை. "நான் எங்க நிக்கணும், சொல்லுங்க."

யசோதா எதிரிலிருந்த தேத்தண்ணிக் கடையில் அவள் உட்கார ஒரு கதிரை கேட்டு வாங்கிவந்து, மதிலோரம் வெயில் விழுகிற இடத்தில் போட்டாள். அதைப் பார்த்து இன்னொருவரும் இருமியபடி அந்தப் பக்கம் நடந்தார்.

கஜேந்திரன் போனில் பொலிசைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யசோதா இரண்டாவது கதிரையை எடுக்கப் போனாள். பின்னாலேயே ஷப்ராஸும் போனான்.