வலைபோட்டுப் பிடித்த ரயில்

“அந்த அலமாரி ஒரு வெரக்கட அசையாது, சொல்லிட்டேன்—”

“அசைக்காம எப்படி உம்மா? எட்டடிக்கு நாலடி பலகை—”

“எட்டடியோ பத்தடியோ. சீருக்குக் குடுத்த அலமாரிய வெளிய தள்ளினா காணுத நாலு பேரு என்ன—”

“அந்த நாலு பேரா அறைக்குள்ள கெடக்கப் போறாவ? நானும் அவியளும்லா?”

கல்யாணம் முடிந்து இருபத்திரண்டு நாளான மகள் இப்படிச் சொன்னதற்கு வெட்கப்பட வேண்டியது மகளா தானா என்று ஹமீதா பீவி யோசித்து நின்றாள். அந்த இடைவெளியில் தஸ்ரின் அலமாரிக்குள் இருந்த புடவைகளைக் கட்டிலுக்கு மாற்றத் தொடங்கிவிட்டாள். உம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப உள்ளே வைத்தாள்.

தஸ்ரின் ஒரே மகள். வேலையும் தேங்காப்பட்டணத்திலேயே, மருந்துக்கடையில். அதனால் மாப்பிள்ளை இங்கே வந்து இருப்பது என்று பெண் பார்க்க வந்த அன்றே பேசி முடித்தாயிற்று. ஃபஹீமும் மறுக்கவில்லை. வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் வரைந்து கொடுப்பவன், லேப்டாப்பை எங்கே திறந்தாலும் அவன் வேலை நடக்கும். வந்தான், இருந்தான், மாமியின் மீன்கறியைக் கொள்ளாம், நல்லா இருக்கு என்றான். ஆனால் மூன்று நாளைக்கு ஒரு தடவை கோட்டாற்றில் உள்ள தன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவான். கேட்டால், தண்டவாளத்தைத் துடைக்க வேண்டும், தூசி பிடித்தால் வண்டி நின்றுவிடும் என்பான்.

தண்டவாளம் என்றால் மெய்யான தண்டவாளம் இல்லை. கோட்டாற்று வீட்டு மாடியில் ஆறு வருஷமாக அவன் ஒரு ரயில்பாதை கட்டிக்கொண்டிருந்தான். கட்டிலைவிடப் பெரிய ஃபோம் பலகை. அதைக் கத்தியால் சீவி எடுத்த மலை, குடைந்து எடுத்த ஆறு. அதன்மேல் நாகர்கோவிலில் புறப்பட்டு இரணியல், குழித்துறை என்று போய் மலைக்குள் நுழைந்து திரும்பும் பாதை, ஒரு விரல் அகலத்தில். வடிகட்டிய தேயிலைச் சக்கையைக் காயவைத்து அரித்துத் தூவினால் அது செம்மண். கூட்டுகிற வாரியலின் ஈர்க்கை நட்டால் தென்னை. தஸ்ரின் முதல் தடவை அந்த மாடிக்குப் போனபோது, நிச்சயம் முடிந்து மூன்று மாதமாகப் போனில் பேசியதைவிட அதிகமாக அன்று ஒரு மணி நேரத்தில் பேசினான். எல்லாம் என்ஜினைப் பற்றித்தான். அவளுக்குப் பிடித்திருந்தது.

பலகை அங்கே இருக்கிறவரைக்கும் ஆளில் பாதி அங்கேதான் இருக்கும் என்று அவள் கணக்காகத் தெரிந்துகொண்டாள். வாப்பாவிடம் டெம்போ கேட்டாள். முகம்மது ஹனீபாவுக்குத் துறைமுகத்தில் மீன் வியாபாரம். மீன் ஏறுகிற வண்டியில் ரயில் ஏறினால் என்ன வந்தது என்று உடனே சரி சொல்லிவிட்டார். ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அலமாரியின் பக்கம் நின்றது ஹமீதா பீவி ஒருத்திதான்.

டெம்போவை ஓட்டி வந்தவன் ஏசுஅடிமை. ஒன்றரை மணி நேரப் பாதைக்கு மூன்று மணி நேரம் எடுத்தான். மாப்பிள்ளை பின்னால் பலகையோடு உட்கார்ந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண்ணாடியைத் தட்டியதாகவும், இப்படித் தட்டு வாங்கிக்கொண்டு வண்டி ஓட்டியதில்லை என்றும் இறங்கினதும் ஹனீபாவிடம் முறையிட்டான். மீன் வாசனைக்குத் தெருவின் பூனைகள் எல்லாம் வந்து நின்றன. அவற்றுக்கும் ஏமாற்றம்.

இதுவரைக்கும் சரி. தார்ப்பாயை அவிழ்த்தபோதுதான் ஆனி மாதக் காற்றை யாரும் நினைக்கவில்லை என்று தெரிந்தது.

கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம். மீன் பெட்டி என்றால் உள்ளே ஐஸும் மீனும் இருக்கும், காற்று ஒன்றும் செய்யாது. ஃபோமுக்கு என்ன கனம்? மூன்று பேரும் பலகையைத் தூக்கி முற்றத்தில் நாலடி வைத்தார்கள், காற்று அடியில் நுழைந்தது. பலகை எழும்பியது. ஃபஹீம் ஒரு முனையில் தொங்க, மாமனார் மறுமுனையில் இடுப்பில் அவிழும் சாரத்தை விட்டுவிட்டுப் பலகையைப் பிடிப்பதா பலகையை விட்டுவிட்டுச் சாரத்தைப் பிடிப்பதா என்று தவிக்க, நாகர்கோவில் ஜங்ஷன் அவர்கள் தலைக்குமேல் ஏறி நின்றது. தென்னை மரங்கள் ஒவ்வொன்றாகப் பறந்தன. ஒரு முனை மதிலில் போய் இடித்து, குழித்துறைக்கு அப்பால் ஒரு முழம் நொறுங்கி விழுந்தது.

ஏசுஅடிமை பலகையை விட்டுவிட்டு ஓடினான். பயந்து ஓடுகிறான் என்று ஹனீபா திட்டினார். அவன் ஓடினது அடுத்த வீட்டுச் செசிலியின் மதிலுக்கு. அங்கே காய்ந்துகொண்டிருந்த வீச்சுவலையை உருவி, தோளில் போட்டு, ஒரு சுற்றுச் சுற்றி வீசினான். ஈயக்குண்டு கட்டிய ஓரம் முழுதும் பலகைக்கு வெளியே விழுந்தது. பழகின கை. மலை, ஆறு, ஸ்டேஷன், இரண்டு மனிதர் எல்லாம் வலைக்குள். பலகை தரைக்கு வந்தது.

“இதுக்குமுன்ன ரயில் பிடிச்சிருக்கியாலே?” என்று செசிலி மதிலுக்கு மேலாகக் கேட்டாள்.

“இன்னைக்குத்தான் மீன்பாடு கொள்ளாம்,” என்றான் ஏசுஅடிமை.

வலையோடே வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். வாசலில் நுழைந்தது. நடைவழியில் திரும்பவில்லை. சரித்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், பின்பக்கமாக வந்து பார்த்தார்கள். எட்டடி நீளம் அந்த மூன்றடி நடையில் வளைய மாட்டேன் என்றது. ஊருக்கெல்லாம் பிளான் வரைகிறவன் தன் பலகைக்கு மட்டும் அளவெடுக்காமல் வந்துவிட்டான். ஹனீபா சுவரை இடிக்கலாம் என்றார். ஃபஹீம் சுவரையும் பார்க்கவில்லை அவரையும் பார்க்கவில்லை. முற்றத்துக்குப் போய், விழுந்துகிடந்த தென்னைகளைக் குனிந்து பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தான். நிமிர்ந்து தஸ்ரினிடம் சொன்னான்.

“திரும்பக் கொண்டு போயிருவோம். அங்க மாடியில கெடக்கட்டு. நான் போய்ப் பாத்துக்கிடுதேன்.”

தஸ்ரின் தலையை ஆட்டினாள். ஆட்டினாளே தவிர அவள் முகம் சம்மதிக்கவில்லை. பலகை திரும்பினால் மூன்று நாளைக்கு ஒரு தடவை என்பது இரண்டு நாளாகும், பிறகு அவன் வந்து போகிற விருந்தாளியாகிவிடுவான். இதை எப்படிச் சொல்வது? அவள் தானும் குனிந்து ஒரு தென்னையைப் பொறுக்கி அவன் கையில் வைத்தாள்.

வாசலில் இதற்குள் தெருவே கூடியிருந்தது. செசிலி உள்ளே வந்து வலைக்கண் வழியாக எட்டிப் பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்ற ஹமீதா பீவியிடம், கல்ஃபில் இருந்து வாங்கி வந்ததா என்று கேட்டாள்.

“வாங்கினதா? எங்க மாப்பிள்ள கையால செஞ்சது,” என்றாள் ஹமீதா பீவி.

சொல்லி நிறுத்தியிருக்கலாம். செசிலியின் முகத்தில் வியப்பைக் கண்டபின் நிறுத்த முடியவில்லை. அந்த மண் மண் இல்லை தேயிலை என்றாள். அந்தத் தென்னை என்ன தெரியுமா, வாரியல் என்றாள். ஆறு வருஷம் என்பதை எட்டு வருஷம் என்றாள். காலையில் மகள் சண்டைக்கு நடுவே சொன்னதையெல்லாம் அவள் காது வாங்கி வைத்திருந்தது. ஓடுமா என்று யாரோ கேட்டார்கள். ஓடாமல் பின்னே, லுஹர் தொழுகை கழிந்து வாங்க, ஓட்டிக் காட்டுவாவ என்று எல்லாரையும் அழைத்தும்விட்டாள்.

திரும்பிப் பார்த்தால் மருமகன் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருக்கிறான்.

“எங்க போறிய?”

“கோட்டாத்துக்கு, மாமி. இது உள்ள நுழையாது. நுழையணும்னா ரெண்டா அறுக்கணும்.”

“அறுங்க.”

“ஆறு வருஷம், மாமி.”

“நாலு பேருகிட்ட எட்டுன்னு சொல்லிட்டேன். மத்தியானம் ஓடும்னும் சொல்லிட்டேன். இப்ப கொண்டு போறேன்னா நான் எங்க போய் நிக்கது?”

ஃபஹீம் தார்ப்பாயைக் கீழே வைத்தான். அவள் அடுக்களைக்குப் போய், நெய்மீன் அறுக்கிற நீளக் கத்தியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

இரணியலுக்கும் குழித்துறைக்கும் நடுவே தண்டவாளத் துண்டுகள் சேருகிற இடத்தை அவன் காட்டினான். தஸ்ரின் ஸ்கேலை வைத்துப் பிடித்தாள். முதல் கீறலுக்குக் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணைத் திறந்து அறுக்கும்படி மாமி சொன்னாள், விரல் போய்விடும். நெய்மீனைவிட லகுவாகப் பலகை இரண்டானது.

அலமாரியை நாலு பேர் சேர்ந்து ஹமீதா பீவியின் அறைக்குத் தூக்கினார்கள். வழி சொல்லி முன்னால் போனது அவளேதான்.

“ஒரு வெரக்கட அசையாதுன்னியளே உம்மா,” என்றாள் தஸ்ரின்.

“அசைக்கவா செய்யுதோம்? தூக்குதோம். வழிய விடு ஏட்டி.”

அறைக்குள் இரண்டு துண்டும் மறுபடி ஒன்றாயின. மதிலில் நொறுங்கின இடத்துக்கு ஹனீபா கிட்டங்கியிலிருந்து மீன் பெட்டியின் தெர்மகோல் மூடிகளை எடுத்துவந்தார். ஃபஹீம் அளந்து வெட்டி, ஒட்டி, அதன்மேல் வளைவைப் போட்டான். தஸ்ரின் தண்டவாளத்தைத் துடைத்தாள், எந்தத் துணியால், எந்தப் பக்கமாக என்று கேட்டுக்கேட்டுத் துடைத்தாள். ஸ்விட்ச் போர்டை ஜன்னல் பக்கம் மாற்றலாமா மாமா, பிறகு எப்பவும் வசதி என்று அவன் கேட்டபோது, அவள் துடைத்த இடத்தையே இரண்டாம் தடவை துடைத்தாள்.

லுஹர் கழிந்து தெரு வந்தது. அறை கொள்ளாமல் ஜன்னலிலும் முகங்கள். என்ஜின் நாகர்கோவிலில் ஒரு குலுங்கு குலுங்கிப் புறப்பட்டது. அறுத்த இடத்தைத் தாண்டியபோது டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குழித்துறை ஆற்றைக் கடந்தது. வெள்ளைத் தெர்மகோலில் ஏறி, வளைந்து, மலைக்குள் போய் மறுபக்கம் வந்தது. ஏசுஅடிமை கை தட்டினான். ஹனீபா இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஏழு தடவை ஓடவிட்டார். செசிலி தன் வலையை வாங்க வந்தவள், வலையை மறந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வெள்ளைத் துண்டில் என்ன வரும் என்று அவள்தான் கேட்டாள். புதிதாக ஸ்டேஷன் ஒன்றும் வராது என்றான் ஃபஹீம். மெய்யான பாதையில் என்ன உண்டோ அதைத்தான் வைப்பான், கண்ணால் காணாததை இந்தப் பலகையில் வைத்ததில்லை, அங்கே நாலு வாழை வைத்தால் போதும். ஹமீதா பீவி பலகையின் ஓரமாக நடந்து ஒவ்வொரு பெயராக வாசித்தாள். வெள்ளை வந்ததும் நின்றாள். தேங்காப்பட்டணம் எங்கே என்று கேட்டாள். தேங்காப்பட்டணத்துக்கு ரயில் கிடையாதே மாமி என்று அவன் சிரித்தான். ஐஸும் மீனும் மணக்கிற அந்தத் தெர்மகோலில் அவள் விரலை வைத்தாள்.

“அப்போ மாப்பிள்ள, நம்ம ஊரு ஆளுவ எங்கன நின்னு வண்டி ஏறுவாவ?”