இடது காதுக்கான பாட்டு

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் என் மாமனார் அருள்பிரகாசம் லுங்கியை அவிழ்த்துவிட்டு பேண்ட் போட்டுக்கொள்வார். எங்கேயும் போவதற்கில்லை, டிவி பார்க்கத்தான். காலையில் மாதா கோயில் பூசைக்குப் போட்டுக்கொண்டு போன அதே இஸ்திரிச் சட்டை, தலைக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய், முகத்துக்குப் பவுடர். கல்யாணமாகி ராயபுரத்தில் இந்த வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு, ஏதோ விருந்துக்குக் கிளம்புகிறார்கள் என்று நினைத்து நானும் அவசர அவசரமாகப் பட்டுப் புடவையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றேன். அவரோ ஹாலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிளேயரில் ஒரு சிடியைச் செருகினார். "அங்க மேடைல அத்தினி பேரு கோட்டு போட்டுகினு வாசிக்கிறான். நாம லுங்கியோட குந்திகினு பாத்தா நல்லாவா கீது?" என்றார். இந்த வீட்டில் இது இப்படித்தான், பழகிக்கொள் என்று என் கணவன் சாவியோ கிசுகிசுத்தான். பட்டுப் புடவை கட்டியது வீணாகவேண்டாமே என்று நானும் உட்கார்ந்தேன்.

அந்தச் சிடிகள் வீட்டுக்கு வந்ததே ஒரு தப்பால்தான். என் மாமியார் ஜானட் கோயில் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவர். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வெளிநாட்டுச் சிடி ஏதாவது கிடைக்குமா என்று ஒரு காலத்தில் மாமாவிடம் கேட்டிருக்கிறார். மாமாவுக்கு அப்போது ஹார்பரில் வேலை. கப்பல்காரர்கள் கைமாற்றிவிட்டுப் போகும் சாமான்களுக்கு நடுவில் ஒரு சிடி கண்ணில் பட்டது. அட்டையில் கணுக்கால் வரை வெள்ளை அங்கி போட்ட ஒரு பெண், கையில் மெழுகுவத்தி, பின்னால் கல் வளைவு, அதற்கும் பின்னால் ஒரு கும்பலே வாயைத் திறந்து பாடிக்கொண்டிருக்கிறது. இது கோயில் பாட்டில்லாமல் வேறென்ன? வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் மெழுகுவத்தி ஏற்றி வைத்து, சின்னப் பையனாக இருந்த சாவியோவைச் சட்டை போடச் சொல்லி, எல்லோரும் பயபக்தியோடு பார்த்திருக்கிறார்கள். பாவம், இந்தப் புனிதவதியை எப்போது கொல்லப் போகிறார்களோ என்று அத்தைக்குக் கண்ணீரே வந்துவிட்டதாம். அப்போது ஒரு தாடிக்காரன் வந்து புனிதவதியின் வாயில் முத்தம் கொடுத்தான். மாமா பாய்ந்து ரிமோட்டை எடுத்தார். இருங்க, பாட்டு முடியட்டும் என்று அத்தை தடுத்திருக்கிறார். அந்தப் பாட்டு இன்னும் முடியவில்லை என்றுதான் சொல்லவேண்டும். அப்புறம் அதே பெண் பாடும் சிடி எது கிடைத்தாலும் மாமா வாங்கிவந்தார். இந்தப் பாட்டு நாடகத்துக்கு ஆபரா என்று பேர் என்பதெல்லாம் பிற்பாடு சாவியோ கண்டுபிடித்துச் சொன்னது.

அட்டையில் இருக்கும் பேரை இந்த வீட்டில் யாராலும் வாசிக்க முடியாது. அதனால் இவர்களே பேர் வைத்துக்கொண்டார்கள். சிறைக் காவல்காரனின் மகள், உள்ளே அடைபட்ட கைதியைக் காதலிக்கும் கதைக்குப் பேர் புழல், ஜெயில் இருக்கும் ஊராச்சே. பால்காரிகள் கும்பலாக ஆடிப் பாடும் கதை, பால் பண்ணை இருக்கும் மாதவரம். எல்லோரும் ஊரை விட்டு எங்கேயோ தள்ளி வீடு கட்டிக்கொண்டு போய் அங்கே சண்டை போடும் கதை மாத்தூர். "இன்னைக்கு மாதவரம் போலாமா?" என்று மாமா கேட்டால் நான் பஸ்ஸுக்குச் சில்லறை தேடிய நாளும் உண்டு. நான் காசிமேட்டுக்காரி. விடியற்காலை மீன் ஏலத்தைக் கேட்டு வளர்ந்த காது, சத்தம் என்றால் எனக்கு ஒன்றும் புதிதில்லை. இருந்தாலும் ஒரு பெண் கொஞ்சமும் கஷ்டப்படாத முகத்தோடு அவ்வளவு உயரத்துக்குக் குரலைத் தூக்கிக்கொண்டு போவதை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாலைந்து ஞாயிறு போனபின் சிரிப்பு நின்றுவிட்டது. ஞாயிறு எப்போது வரும் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

இதில் மாமாவின் காது விஷயத்தைச் சொல்லவேண்டும். கப்பலின் மேல்தளத்தில் நின்று சரக்கைத் தூக்கி இறக்கும் விஞ்ச்சை ஓட்டியவர் அவர். அந்த இரைச்சல் காதை மொத்தமாக எடுத்துக்கொள்ளவில்லை, மேலே இருக்கும் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. குக்கர் விசில், காலிங் பெல், போன் மணி எதுவும் கேட்காது. லாரி, கப்பல் சங்கு, சாவியோவின் குறட்டை எல்லாம் நன்றாகக் கேட்கும். டிவியில் தாடிக்காரர்கள் பாடும்போது தாளம் போடுவார். அந்தப் பெண் பாட ஆரம்பித்துக் குரல் மேலே ஏறிவிட்டால் அவருக்கு அதோடு சரி. வாய் திறந்திருக்கும், கழுத்து நரம்பு புடைத்திருக்கும், சத்தம் இருக்காது. அப்படி ஒரு நாள் அவர் டிவியின் தலையில் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் அத்தை தன் நாற்காலியை அவருக்கு இடதுபுறம் இழுத்துப் போட்டு, கொஞ்சம் நன்றாக இருக்கும் அந்த இடது காதில் வாயை வைத்து, அதைத் தன் கீழ்க்குரலில் பாடிக் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். அவள் மேலே ஏறினால் அத்தை காதுக்குக் குனிவார். மாமா கண்ணை மூடிக்கொள்வார். மற்ற நாளில் அந்த வீட்டில் ரசத்துக்கு உப்பு போதுமா என்று கேட்டாலே தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அன்பாக ஒரு வார்த்தை சொல்வதானாலும் அப்படிக் கத்தித்தான் சொல்லவேண்டும், அப்புறம் யார் சொல்வார்கள்? ஞாயிறு மதியம் மட்டும்தான் அவர்கள் இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டியாக எனக்குத் தெரிவார்கள்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் காது இருக்கிறதே. டிவியில் அந்தப் பெண் போகும் வழி ஒன்று, அத்தை போகும் வழி இன்னொன்று என்பது போகப் போகப் புரிந்தது. ஒரு நாள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருக்கும்போது கேட்டே விட்டேன். அத்தை முதலில் ஹால் பக்கம் எட்டிப் பார்த்தார், மாமாவுக்குக் கேட்காது என்று தெரிந்தும். "அவ போற எடத்துக்கு என் தொண்ட போவாதும்மா. பாதி வழில நின்னுட்டா அவருக்கு இன்னா புரியும்? அதான் எனக்குத் தெரிஞ்ச ரூட்டுல இட்டுகினு போயி எறக்கி வுட்டுடறேன்." கொஞ்சம் தவக்காலப் பாட்டு, கொஞ்சம் சாவியோவைத் தூங்கவைத்த தாலாட்டு, மீதி அந்த நேரத்துக்கு வாயில் வந்தது. மாமாவிடம் சொல்லிவிடாதே என்று ஈரக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் பாட்டு என்றால் அவருக்கு உயிர், நடுவில் நான் கலப்படம் செய்கிறேன் என்று தெரிந்தால் மனசு விட்டுப் போய்விடும் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கை மட்டும் பிடியை விடவில்லை.

போன மாதம் ரோட்டில் ஒரு கண்டெய்னர் டிரெய்லர் பின்பக்கமாக வந்துகொண்டிருந்திருக்கிறது. அது கீ கீ என்று கத்துவது மாமாவுக்குக் கேட்கவில்லை. டீக்கடைக்காரர் ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. கிழிந்த சட்டையோடு வந்து, ஒன்றும் ஆகாததுபோல் காபி கேட்டார். அன்று சாயங்காலம் சாவியோ வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை அவனிடம் போய் நின்றார். அப்பா காதுக்கு மெஷின் வாங்கிவிடு, இந்த வாரமே வாங்கு என்றார். எனக்கு அத்தையை அப்போது கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்தேதான் சொன்னார். மெஷின் வந்தால் கலப்படம் தெரிந்துபோகும். அதைவிட, அந்த இடது காதுப் பக்கம் போட்ட நாற்காலிக்கு இனிமேல் வேலை இருக்காது.

மெஷின் வந்தது. கொண்டைக்கடலை அளவுதான். இடது காதுக்குள் அதை வைத்ததிலிருந்து மாமா சின்னக் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். பிளாஸ்டிக் கவர் கசங்கினால் திரும்பிப் பார்த்தார். தன் செருப்புச் சத்தத்தைத் தானே கேட்பதற்காக வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்தார். குக்கர் விசில் அடித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டு, அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். அத்தையின் வளையல் சத்தம் கேட்கிறது என்று எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னதில் அத்தை வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டார். இந்த ஞாயிறு புழல்தான், அந்தப் பொண்ணு மேலே போய் என்னதான் பண்ணுகிறாள் என்று முழுசாகக் கேட்கப்போகிறேன் என்று மீன்காரம்மாவிலிருந்து மணியடிக்கும் கோயில் பிள்ளை வரைக்கும் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமையிலிருந்து அத்தைக்குத் தொண்டை வலி.

ஞாயிறு மதியம் மாமா பேண்ட் போட்டு, பவுடர் போட்டு உட்கார்ந்தார். அத்தையைக் கூப்பிட்டார். பாத்திரம் கிடக்கிறது, நீங்கள் பாருங்கள் என்று பதில் வந்தது. நான் ஏற்கெனவே விளக்கி வைத்த பாத்திரங்களைத்தான் அத்தை மறுபடி விளக்கிக்கொண்டிருந்தார். சாவியோ உள்ளே தூங்கினான். நான் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன். மாமாவுக்கு இடதுபுறம் நாற்காலி காலியாக இருந்தது.

காவல்காரன் மகள் சாவிக்கொத்தோடு காதலன் அடைபட்ட கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். வாத்தியங்கள் எல்லாம் அடங்கின. அவள் ஆரம்பித்தாள். மாமா முன்னால் குனிந்தார். குரல் ஏறியது, இன்னும் ஏறியது. நான் டிவியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் புருவம் உயர்ந்தது. அப்புறம் அது சுருங்கியது. தூங்கிப்போய் வேறு ஸ்டாப்பில் இறங்கிவிட்டவர் மாதிரி முழித்தார். பாட்டைப் பின்னால் தள்ளி மறுபடி போட்டார். மறுபடியும். மெஷினைக் கழற்றி ஊதிவிட்டு வைத்துக்கொண்டார். மெஷினில் ஏதோ கோளாறு, பார் என்று என்னிடம் நீட்டினார். பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் சிடி தேய்ந்துபோயிருக்கும் என்றார். கடைசியில் பழைய பழக்கத்தில் வீடே அதிரக் கூப்பிட்டார்.

"ஜானட்டு, இங்க வந்து பாரு. இவ தப்பா பாடுறா."

அடுப்படியில் தேய்க்கும் சத்தம் நின்றது. அத்தை சோப்பு நுரைக் கையோடு வந்து அடுப்படி வாசலில் நின்றார். என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையசைத்தேன். ஆமாம், சிடிதான் கெட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நானும் சேர்ந்து சாட்சி சொல்லியிருப்பேன். அத்தைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

"சிடில ஒண்ணும் இல்லீங்க. அவ சரியாத்தான் பாடுறா. இத்தினி நாளா நான்தான் உங்களுக்குத் தப்பா பாடிகினு இருந்தேன்."

மெதுவாகத்தான் சொன்னார். அவ்வளவு தூரத்திலிருந்து, அவ்வளவு மெதுவாகச் சொல்லி, மாமாவுக்கு அது கேட்டுவிட்டது. அவர் படத்தை நிறுத்தினார். வாயைத் திறந்தபடி அந்தப் பெண் திரையில் நின்றாள். எல்லாமேவா என்று கேட்டார். அவள் மேலே போகிற இடமெல்லாம் என்றார் அத்தை. மாதவரத்திலுமா? மாதவரத்திலும்தான். அந்தக் கடைசியில் அழுகிற மாதிரி இறங்கி வருமே, அது? அது நானாகப் போட்டது என்று சொல்லிவிட்டு அத்தை தன் நுரைக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து நின்றேன். மாமா கோபக்காரர்.

"அந்த வெயில்ல விஞ்ச்சு மேல நின்னுகினு வாரம் பூரா அதத்தானே முணுமுணுத்துகினு இருந்தேன்," என்றார் மாமா. "இவளோடதுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

திரையில் நின்றவளை ஒரு தடவை பார்த்தார், ஏதோ அவளுக்குச் சேரவேண்டியதைத் தப்பாக வேறொருத்தியிடம் கொடுத்துவிட்ட சங்கடம் போல. இல்லை, சங்கடம் அவளுக்காக இல்லை, அத்தைக்காக. காலியாக இருந்த நாற்காலியைத் தன் பக்கம் இழுத்தார். உட்காரச் சொன்னார். அத்தை மாட்டேன் என்றார். இப்போது மெஷின் இருக்கிறது, என் தொண்டைக் கரகரப்பு, மூச்சு வாங்குவது எல்லாம் உங்களுக்குக் கேட்டுவிடும் என்றார்.

"கேக்கட்டும்."

"ரெண்டும் ஒத்துப்போவாதுங்க."

"போவலன்னா போவுது. அவளும் பாடட்டும், நீயும் பாடு."

அத்தை புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வழக்கம்போல இடது காதில் வாயைக் கொண்டுபோனார். மெஷின் கீ என்று அலறியது. மாமா துள்ளினார், அத்தையும் துள்ளினார், நான் அடக்கமுடியாமல் சிரித்துவிட்டேன். அந்த மெஷினுக்கு யாரும் அவ்வளவு பக்கத்தில் வரக்கூடாதாம். அத்தை நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தள்ளியபின்தான் அது அடங்கியது. அங்கிருந்து பாடினால் முணுமுணுப்பு போதாது, வாயைத் திறந்து, குரலை விட்டுப் பாடவேண்டும். நானும் அடுத்த அறையில் சாவியோவும் மட்டுமல்ல, மாடி வீட்டுக்காரர்களும் கேட்பார்கள். அத்தை என்னைப் பார்த்தார். நான் சட்டென்று எழுந்து, வெளியே நல்ல வெயில் என்று ஏதோ உளறிக்கொண்டு வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். தெருவில் யாரும் இல்லை. ஹார்பர் பக்கமிருந்து காற்று வந்தது. கதவை மூடவில்லை.

மாமா படத்தைப் பின்னால் தள்ளி, சாவிக்கொத்தோடு அவள் நடந்து வரும் இடத்திலிருந்து போட்டார். திரையைப் பார்த்தபடி இடது கையை மட்டும் நாற்காலிக்கு வெளியே நீட்டினார். அத்தை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. திரையிலிருந்தவள் மூச்சை இழுத்தாள். அத்தையும் இழுத்தார்.