சக்கரபாணியின் ஒன்பது படங்கள்

மோட்டார் கொட்டகை வாசலில் மண்டை உடைந்து கிடந்த சக்கரபாணியைத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் அவருடைய மருமகன் ஆனந்தராஜ். செஞ்சிப் பக்கம் வல்லத்தை ஒட்டிய ஊரில் சக்கரபாணிக்கு இரண்டு ஏக்கர் கொல்லை, மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டிருந்தார். காலை பத்து மணிக்கு மாமனாரைப் பார்க்க அங்கே போனதாகவும், மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு இரண்டு பேர் பைக்கில் பறந்ததாகவும், மாமனார் இரும்புக் குழாயால் அடிபட்டு ரத்தத்தில் கிடந்ததாகவும் போலீசில் எழுதிக் கொடுத்தான். ஒயர் அறுந்துதான் இருந்தது. செம்புக்காக ஒயர் திருடுகிறவர்கள் அந்தப் பக்கம் வருவது வழக்கம் என்பதால் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

கலைப்பிரியா திண்டிவனத்திலிருந்து முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது கணவனின் சட்டை முன்பக்கம் முழுக்க அப்பாவின் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. அந்தச் சட்டையிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவள் அவன்மேல் மனசாரச் சாய்ந்தது அந்த ஒரு தடவைதான்.

ஆனந்தராஜ் கை நீட்டுகிறவன். ஜேசிபி ஓட்டிக் காய்த்த கை. சோறு குழைந்தால் ஓர் அறை, போன் எடுக்கத் தாமதமானால் ஓர் அறை. நான்கு நாளைக்கு முன்புதான் ஹெல்மெட்டால் அடித்து அவளுடைய இடது புருவத்தைக் கிழித்திருந்தான். மூன்று தையல். தைத்த நர்ஸிடம் அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்றாள். அம்மா லட்சுமியம்மாளிடம் மட்டும் போனில் நடந்ததைச் சொல்லி, அப்பா காதுக்குப் போகக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள்.

மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து சக்கரபாணி கண் விழித்தார். வலது கையும் காலும் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோலத் தெரிந்தன போலிருக்கிறது. பேப்பரைத் தலைகீழாகக் கொடுத்தாலும் அப்படியே வாங்கிப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் நின்றால் பத்துப் பேரைக் கூட்டிவிடுகிற வாய் அவருக்கு. அதில் மிஞ்சியது ஒரே சொல்: "இரு." தண்ணீர் வேண்டுமா என்றாலும் இரு. எங்கே வலிக்கிறது என்றாலும் இரு.

பேச்சு திரும்புமா என்று ஆனந்தராஜ் டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டான். கஷ்டம்தான் என்று டாக்டர் சொன்னதும், மாமனாரையும் மாமியாரையும் திண்டிவனத்துக்கே கூட்டிப் போய் வைத்துக்கொள்ளலாம் என்று அவனே சொன்னான். அவனுக்குள்ளும் ஈரம் இருக்கிறது என்று கலைப்பிரியா நினைத்தாள்.

வீட்டுக்கு வந்த முதல் நாளே அந்த எண்ணத்துக்கு அடி விழுந்தது. ஆனால் அடித்தவர் அப்பா. இளநீரோடு குனிந்த மருமகன் முகத்தில் எவர்சில்வர் டம்ளரை இடது கையால் வீசினார். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. இன்னொரு நாள் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைக்கப் போன அவன் மணிக்கட்டைக் கடித்து விடவேயில்லை. லட்சுமியம்மாள் தாடையைப் பிடித்துப் பிரிக்க வேண்டியிருந்தது. தலையில் அடிபட்டவர்களுக்குக் கோபம் அப்படித்தான் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். கையைக் கட்டிவிடலாம் என்றான் ஆனந்தராஜ். தான் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் மாமனாரின் நல்ல கையைத் துண்டால் கட்டில் சட்டத்தோடு இறுக்கிக் கட்டினான். அவர் முறுக்கி முறுக்கி இழுத்ததில் தோல் உரிந்தது. "இரு... இரு..." என்று அவர் உறுமுவதைக் கேட்கச் சகிக்காமல் லட்சுமியம்மாள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள்.

பேச்சுப் பயிற்சி தருகிற ஆரோக்கியசெல்வி வாரம் ஒருமுறை வருவாள். மணிக்கட்டுப் புண்ணைப் பார்த்தவள் முதலில் துண்டை அவிழ்த்து வெளியே எறிந்தாள். பிறகு, இவருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, சொல்ல வழிதான் இல்லை, அதனால்தான் அடிக்கிறார் என்றாள். வீட்டில் தொடுதிரை டேப் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

கொரோனா சமயத்தில் கலைப்பிரியா ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய டேப் பீரோவில் கிடந்தது. அதன் முகப்பில் வரிசை வரிசையாக நாற்பது ஐகான்கள். எதுவும் அவருக்குப் புரியாது. கலைப்பிரியா அத்தனையையும் எடுத்துவிட்டாள். ஐகான் தோற்றத்தை மாற்றுகிற ஆப் ஒன்றை ஏற்றி, வரிசைக்கு மூன்றாக ஒன்பதே கட்டம் வைத்தாள். அடியில் வருகிற பெயர்களை நீக்கினாள். கடையில் கிடைக்கும் கார்ட்டூன் படங்கள் வேண்டாம், அவர் கண்ணுக்குப் பழகியதே வேண்டும் என்று ஆரோக்கியசெல்வி சொல்லியிருந்தாள். தண்ணீருக்கு அவருடைய நசுங்கிய சொம்பு. சாப்பாட்டுக்கு கேப்பைக் களி. கக்கூசுக்கு அந்த வீட்டின் நீலக் கதவு. ஃபேன், போர்வை. வலிக்கு என்ன வைப்பது என்று தெரியாமல், அம்மாவைத் தலையைப் பிடித்துக்கொண்டு முகம் சுளிக்கச் சொல்லிப் படம் எடுத்தாள். கடைசி வரிசையில் அம்மா, அவள், ஆனந்தராஜ். பொருளைத் தொட்டால் கலைப்பிரியாவின் குரல் பெயரைச் சொல்லும். ஆளைத் தொட்டால் நேரே போன் போகும்.

பத்து நாளில் சக்கரபாணி அதைப் பிடித்துக்கொண்டார். சொம்பைத் தொட்டுத் தண்ணீர் வந்த அன்று கண் கலங்கியது. அதற்கடுத்து அவர் விரல் போனதெல்லாம் மருமகன் படத்துக்குத்தான். ஒரு நாளில் முப்பது தடவை தொட்டார். எங்கோ மண் அள்ளிக்கொண்டிருக்கிற ஆனந்தராஜ் போனை எடுத்தால் மறுமுனையில் "இரு... இரு..." என்று கேட்கும்.

அப்பாவின் கோபம் தணிந்து மருமகன்மேல் ஒட்டுதல் வந்துவிட்டது என்று கலைப்பிரியாவுக்கு ஒரே சந்தோஷம். தொட வசதியாக இருக்கட்டும் என்று அந்த ஒரு படத்தை மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக்கினாள்.

அன்று சாயங்காலம் ஆனந்தராஜ் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து அவள் பின்னந்தலை மயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். அவள் சரிந்ததும் இடுப்பில் உதைத்தான். பிறகுதான் காரணம் சொன்னான். "அந்த ஆளு கையிலேர்ந்து என் மூஞ்சிய எடுத்துடு. எடுக்கல, டேப்பும் இருக்காது, நீயும் இருக்க மாட்ட."

கட்டிலில் இருந்து சக்கரபாணி அதைப் பார்த்தார். எழ முயன்று கீழே விழுந்தார்.

கலைப்பிரியா படத்தைச் சிறிதாக்கி, முகத்தை எடுத்துவிட்டு ஜேசிபி படத்தை வைத்தாள். போன் போவதையும் நிறுத்தினாள். மறுநாள் சக்கரபாணி திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அப்புறம் நேராக ஜேசிபியைத் தொட்டார்.

அவர் மனம் தேறட்டும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை கலைப்பிரியா ஊருக்குப் போய் கொல்லையைப் படம் பிடித்து வந்தாள். கிணறு, மோட்டார் கொட்டகை, குழாய்கள் அடுக்கிய இடம், வேப்பமரம், காய் பிடித்த மல்லாட்டைச் செடி. எல்லாவற்றையும் ஐகானாக்கி இரண்டாம் பக்கத்தில் வைத்தாள். திங்கட்கிழமை மதியம், கணவன் வேலைக்குப் போன பிறகு அப்பாவிடம் நீட்டினாள்.

அவர் வேப்பமரத்தைப் பார்க்கவில்லை. மோட்டார் கொட்டகையைத் தொட்டார். குழாயைத் தொட்டார். பக்கத்தைத் தள்ளி ஜேசிபியைத் தொட்டார். வலியைத் தொட்டார். தன் மண்டையில் தையல் போட்ட பள்ளத்தில் விரலை வைத்தார். பிறகு அதே விரலை நீட்டி மகளின் புருவத் தழும்பின்மேல் வைத்தார்.

கலைப்பிரியா டேப்பை நிமிர்த்திப் பிடித்தாள். இன்னொரு தடவை காட்டச் சொன்னாள். அதே வரிசை. மூன்றாம் தடவை படங்களை இடம் மாற்றிக் கொடுத்தாள். தேடித் தேடி அதே வரிசைதான். கடைசியில் விரல் அவள் புருவத்துக்கே வந்தது.

லட்சுமியம்மாள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஒன்ன அவன் அடிச்சத நாந்தாண்டி அப்பாகிட்ட சொன்னேன். மனசு கேக்காம அன்னிக்கிக் காலைல சொல்லிட்டேன். வூட்டுக்குப் போயி சத்தம் போடாதய்யா, தனியா கூப்ட்டுப் பேசுன்னேன். அதான் அவன கொல்லைக்கு வரச் சொன்னாரு."

ஆனந்தராஜ் ஒயரை அறுத்தது அப்பாவை அடித்த பிறகுதான் என்று யாரும் சொல்லாமலே கலைப்பிரியாவுக்குப் புரிந்தது. அழவில்லை. போனைச் சுவரில் சாய்த்துவைத்து, அப்பாவை மறுபடியும் காட்டச் சொல்லி முழுவதையும் படம் பிடித்து ஆரோக்கியசெல்விக்கு அனுப்பினாள். உடனே வீட்டைவிட்டுக் கிளம்பு, ஆட்டோவோடு வர்றேன் என்று பதில் வந்தது.

பையில் துணி திணித்துக்கொண்டிருந்தபோது வாசலில் பைக் சத்தம் கேட்டது. ஜேசிபியில் ஹோஸ் வெடித்து வேலை நின்றுவிட்டதால் ஆனந்தராஜ் இரண்டரைக்கே வந்துவிட்டான். பையைப் பார்த்தான். கட்டிலில் கிடந்த டேப்பைப் பார்த்தான். கையில் எடுத்தான். திரையில் மோட்டார் கொட்டகை.

டேப்பின் விளிம்பால் சக்கரபாணியின் வாயில் அடித்தான். இரண்டு பல் பெயர்ந்து போர்வையில் விழுந்தது. இரண்டாம் அடியைத் தடுக்க நடுவில் புகுந்த லட்சுமியம்மாளை நெஞ்சில் உதைத்துத் தள்ளினான். டேப்பைத் தரையில் போட்டு குதிகாலால் மிதித்தான், கண்ணாடி நொறுங்கிற்று. பிறகு கலைப்பிரியாவின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். அவளுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. அப்போது அவன் கால் இடறியது. கட்டிலிலிருந்து உருண்டு விழுந்திருந்த சக்கரபாணி இடது கையால் அவன் கெண்டைக்காலைக் கட்டிப் பிடித்துப் பல் போன வாயால் கடித்துக்கொண்டிருந்தார்.

பிடி தளர்ந்தது. சுவரோரம் அப்பாவின் நான்கு கால் ஊன்றுகோல் இருந்தது. கலைப்பிரியா அதை எடுத்தாள். முதல் அடி முழங்கையில். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. இரண்டாவது முழங்காலில். அவன் விழுந்த பிறகும் அடித்தாள். தோளில், முதுகில், மூன்று வருஷமாகத் தன் உடம்பில் எங்கெல்லாம் விழுந்ததோ அங்கெல்லாம் அடித்தாள். வேண்டாண்டி, ஜெயிலுக்குப் போயிடுவ என்று அம்மா கத்தியது காதில் விழவில்லை. ஆட்டோவிலிருந்து ஓடி வந்த ஆரோக்கியசெல்வியும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்துதான் கோலைப் பிடுங்கினார்கள்.

இரண்டு பக்கமும் வழக்குப் பதிவானது. தன்னைக் கொல்லப் பார்த்தாள் என்று முறிந்த கையோடு ஆனந்தராஜும் புகார் கொடுத்தான். டேப்போ துண்டு துண்டாகிவிட்டது. போனில் எடுத்த வீடியோவைக் காட்டியபோது அவன் வக்கீல் அசரவில்லை. படங்களை வைத்தது யார், இடம் மாற்றியது யார், குரல் யாருடையது என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் நான்தான் என்று கலைப்பிரியா சொல்ல வேண்டியிருந்தது.

"உங்க புருஷன் படத்த மட்டும் ரெண்டு மடங்கு பெரிசா வெச்சதும் நீங்கதானே?"

"நான்தான் சார். பாசத்துல தேடுறாருன்னு நெனச்சிக்கினு வெச்சேன்."

விழுப்புரம் கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. புது டேப் ஒன்று வரவழைத்தார். கலைப்பிரியாவையும் லட்சுமியம்மாளையும் வெளியே அனுப்பினார். ஆரோக்கியசெல்வி இல்லாமல் வேறு ஒரு பயிற்சியாளரைக் கொண்டு, பதினாறு ஆண்களின் முகங்களை ஒரே அளவில், ஒரே கறுப்பு விளிம்போடு வைக்கச் சொன்னார். அதில் மச்சினர்கள் இருந்தார்கள், பங்காளிகள் இருந்தார்கள், கொல்லைக்குப் பக்கத்து ஆள் விருத்தாசலம் இருந்தார், முன்பின் தெரியாத ஐந்து பேர் இருந்தார்கள். அடித்த பொருளுக்குக் கடப்பாரை, மண்வெட்டி, கட்டை, குழாய். இடத்துக்கு ஆறு படங்கள்.

சக்கரபாணி குழாயைத் தொட்டார். கொட்டகையைத் தொட்டார். பதினாறு முகங்களில் ஒன்றைத் தொட்டார். கலைத்து அடுக்கி ஐந்து தடவை கேட்டார்கள். ஐந்து தடவையும் விரல் தடுமாறவில்லை. நான்காம் தடவை, திரை கீறுகிற அளவுக்கு நகத்தால் அழுத்தினாராம். அதையும் எழுதி வைத்தார்கள்.

விசாரணை முடிய ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஆனந்தராஜுக்கு ஏழு வருஷம். கலைப்பிரியாமீது போட்டதை உயிரைக் காத்துக்கொள்ள அடித்தது என்று தள்ளினார்கள். தீர்ப்பைச் சொன்னபோது அப்பா முகத்தில் ஏதாவது தெரியும் என்று அவள் பார்த்தாள். அவர் டேப்பில் களியைத் தொட்டுக்கொண்டிருந்தார். பசி.

இப்போது மூவரும் ஊரில்தான் இருக்கிறார்கள். டேப்பில் படங்கள் நாற்பதைத் தாண்டிவிட்டன. உரக்கடைக்கு ஒன்று, சலூன்காரருக்கு ஒன்று, உப்பு போதவில்லை என்பதற்கு அம்மாவே முகத்தைக் கோணிக் கொடுத்த படம் ஒன்று. அதைத்தான் அவர் அதிகம் தொடுகிறார். லட்சுமியம்மாள் தினம் சண்டைக்கு நிற்கிறாள். செஞ்சியில் ஒரு ஸ்கேனிங் சென்டரில் கலைப்பிரியாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. காலை பஸ்ஸில் கூட்டம் நெரியும். பக்கத்தில் நிற்கிறவர் கம்பியைப் பிடிக்கச் சட்டென்று கையைத் தூக்கினால் அவள் தலை தானாகக் குனிந்துகொள்கிறது. வெட்கமாக இருக்கும். நிமிர்ந்து வெளியே பார்த்துக்கொள்வாள்.