இழுத்தால் வரும் எழுபது

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவருக்கு முதுகுக்குப் பின்னால் எல்லோரும் வைத்த பெயர் சுழற்சியார். முகத்துக்கு முன்னால் சார். எனக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று உண்டு: அத்தான். என் கூடப்பிறந்த அக்காவைக் கட்டிக்கொண்ட மனிதர். அக்கா வீட்டில் தங்கித்தான் முனைவர் பட்டத்துக்குப் படித்தேன் என்பதால், காலைக் காப்பியிலிருந்து இரவுச் சாப்பாடு வரை எனக்கு அவரிடமிருந்து விடுதலையே கிடையாது.

அவருடைய புகழ் முழுவதும் ஒரே எண்ணில் நிற்கிறது. எழுபது. எழுபது ஆண்டுக்கு ஒருமுறை பெரும் வறட்சி வந்தே தீரும் என்று எப்போதோ ஓர் ஏரியின் சேற்றிலிருந்து கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு எந்த ஏரியைத் துளைத்தாலும் எழுபதுதான் வந்தது. ஏரிகளுக்கும் அவரிடம் பயம் போலிருக்கிறது.

வேலை ஒன்றும் மந்திரமில்லை. ஏரியின் அடியில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் வெளிறிய படலம் ஒன்று, வறண்ட மாதங்களில் கறுத்த படலம் ஒன்று படியும். நீண்ட குழாயை இறக்கிச் சேற்றை அப்படியே உருவி, நெடுக்காகப் பிளந்து, படலங்களை எண்ண வேண்டும். வெளிறியது தடித்திருந்தால் நல்ல மழை, மெலிந்திருந்தால் பஞ்சம். சில இடங்களில் படலங்கள் குழம்பிக் கிடக்கும். அது பத்து ஆண்டா இருபதா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அந்தச் சந்தில்தான் சுழற்சியார் நுழைவார்.

"இங்க கொஞ்சம் இழு. அங்க கொஞ்சம் சுருக்கு. என்னோட வறட்சிக்கு நேரா உன்னோட வறட்சி வந்து உக்காரும்" என்பார். உட்காரவைத்த பிறகு, "பாத்தியா, உன் ஏரியிலயும் எழுபது!" என்று வாயைப் பிளப்பார். குழந்தையின் கையைப் பிடித்துத் தானே எழுதிவிட்டு, குழந்தை எழுதிவிட்டது என்று ஊரைக் கூட்டுகிற அப்பனைப் போல.

என் ஏரியில் எழுபது இல்லை. ஐம்பதும் இல்லை, நூறும் இல்லை. கண் பூத்துப்போகும்வரை வருடக்கணக்காக நுண்ணோக்கியில் எண்ணிவிட்டேன். மழை தன் இஷ்டத்துக்கு வந்தது, தன் இஷ்டத்துக்குப் போனது.

"இழுக்காம கொண்டு வந்தா கையெழுத்து கிடையாது" என்றார். கையெழுத்து இல்லையென்றால் பட்டம் இல்லை.

"இல்லாததை எப்படி அத்தான்..."

"அத்தான் எல்லாம் வீட்டுல. இங்க சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று வீடு திரும்பியபோது வாசல் கதவின் விளிம்பில் பெயிண்ட் பெயர்ந்து நின்றது. அந்தக் கதவுக்கு அக்கா அடிக்காத நிறமில்லை. பச்சைக்கு மேல் நீலம், நீலத்துக்கு மேல் பழுப்பு. அது அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு என்றே நினைத்திருந்தேன். ஒரு சில்லை உடைத்தெடுத்துப் பிசினில் பதித்து, மெலிதாகத் தேய்த்து, நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தேன். ஏரிச்சேறு தோற்றது. அவ்வளவு அழகான படலங்கள். தடிமனை அளந்து, ஒரு பூச்சுக்கு இத்தனை ஆண்டு என்று நானே வைத்துக்கொண்டு, சுழற்சியார் சொல்லிக்கொடுத்தபடி இங்கே இழுத்தேன், அங்கே சுருக்கினேன். எழுபது வந்தது. வராமல் எங்கே போகும்?

என் ஆய்வேட்டை ஏற்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் கூட்டத்தில் முதல் வேலையாக அந்த வரைபடத்தைத்தான் திரையில் போட்டேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா முன்வரிசையில் இருந்தார். தங்கைக்குப் பட்டம் கிடைப்பதைப் பார்க்க அக்காவும் வந்திருந்தாள்.

சுழற்சியார் எழுந்தே நின்றுவிட்டார். "அடடா! இவ்வளவு சுத்தமான எழுபதை நானே பாத்ததில்ல! எந்த ஏரி இது?"

"ஏரி இல்ல சார்" என்று சில்லின் படத்தைப் போட்டேன். "உங்க வீட்டு வாசக்கதவு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேறொருவராயிருந்தால் நாற்காலிக்கு அடியில் புகுந்திருப்பார். எங்கள் அத்தானா புகுவார்? கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா! வெயில் ஏறினா பெயிண்ட் உரியும், உரிஞ்சா மறுபடி அடிப்பாங்க. வறட்சி வீட்டுக் கதவு வரைக்கும் வந்து எழுதிட்டுப் போயிருக்கு! இது இயற்கை விதி!"

பின்வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். அவர் கையெழுத்துக்குக் காத்திருக்கிறவர்கள், பாவம்.

அக்கா எழுந்தாள். "வெயிலும் இல்ல, விதியும் இல்ல. அடிச்சவ நான். வெள்ளிக்கிழமை வந்துடறேன்னு சொல்லிட்டு ஏரிக்குப் போவீங்க. வர மாட்டீங்க. திட்டுறதுக்கு ஆள் இல்லாம கதவுக்கு ஒரு பூச்சு அடிப்பேன். நீங்க வராத வெள்ளிக்கிழமைதான் அது ஒவ்வொண்ணும்."

"அத்தனை தடவையா அடிச்சே? எனக்குத் தெரியவே தெரியாதே."

"அந்தக் கதவைத் திறந்துதானே உள்ள வந்தீங்க."

எனக்கு அவளைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. நானும் அதே கதவு வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தேன்.

தேர்வாளர் அம்மா தொண்டையைக் கனைத்தார். "உன் ஏரியைக் காட்டும்மா. இழுக்காம."

காட்டினேன். குழம்பிய இடங்களைக் குழம்பியவை என்றே சொன்னேன். அவர் ஒவ்வொரு படமாக நிதானமாகப் பார்த்துவிட்டுச் சுழற்சியாரிடம் திரும்பினார். "எனக்கு இது போதும். நீங்க கையெழுத்துப் போடறீங்களா, இல்ல அந்தக் கதவைப் பத்தியும் என் அறிக்கையில எழுதட்டுமா?"

போட்டார். பேனா காகிதத்தைக் கிழிக்காததுதான் மிச்சம்.

வெளியே வந்ததும், ஒன்றுமே நடக்காதது போல, அடுத்த வாரம் புதிய ஏரி ஒன்றுக்குப் போவதாக அக்காவிடம் சொன்னார். "வெள்ளிக்கிழமை கட்டாயம் வந்துடுவேன்." இந்த மனிதர் ஒரு நூறு ஏரியைத் துளைத்தாலும் இப்படித்தான் இருப்பார்.

அக்கா என் வண்டியில் ஏறினாள். வழியில் பெயிண்ட் கடை வந்தது. வழக்கமாக வாங்குகிற இடமாயிற்றே என்று வேகத்தைக் குறைத்தேன்.

"இங்க இல்லடி" என்றாள். "பூட்டுக் கடைக்குப் போ."