குழாய்க்குள் ஒரு வட்ட வானம்

டாஸ்மேனியாவின் வடகரையில் உள்ள அந்தச் சிற்றூரில், பொழுது சாய்ந்ததும் கடலிலிருந்து குட்டைப் பெங்குவின்கள் கரையேறும். மேட்டிலிருக்கும் வளைகளுக்குப் போகக் கடற்கரைச் சாலையைக் கடக்கவேண்டும். அங்கேதான் கார்களில் அடிபட்டுச் செத்தன. வேலி போட்டார்கள், எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள், பலனில்லை. காலையில் செத்தவற்றை எடுத்துப் புதைக்கும் வேலையை, யாரும் சொல்லாமலே மெரின் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

மெரின் மரப்பொம்மைகளை வடிவமைப்பவள். புது யோசனை எதுவும் வராதபோது வேண்டுமென்றே ஒரு பொய்யைச் சொல்லி, அது எங்கே கூட்டிப்போகிறது என்று பின்னாலேயே போவாள். அன்று டீ குடிக்க வந்த நெவிலிடமும் அப்படித்தான் ஆரம்பித்தாள். நெவில் ஊராட்சியின் சாலைப் பொறியாளன்.

"பெங்குவின்தான் காரை ஓட்டுது."

"ஆனா அதுக்குக் கால் எட்டாதே."

"இந்த 'ஆனா'வ வாசல்ல பூட்ஸோட விட்டுட்டு வந்திருக்கலாம்ல? எத்தனை யோசனைய முளையிலயே கிள்ளியிருக்க நீ. டீ முடியறவரைக்கும் 'அப்புறம்?'னு மட்டும் கேளு."

நெவில் பிஸ்கட்டை நனைத்தான். "சரி. அப்புறம்?"

"ஓட்டுறவனுக்குக் கண்ணு நம்ம முழங்காலுக்குக் கீழ. அங்கேருந்து உன் ரோடு எப்படித் தெரியும்?"

அந்த உயரத்திலிருந்து அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தச் சாலையைப் போட்டவன் அவன்தான்.

அந்திக்கு மெரின் கடலோர மணலில் குப்புறப் படுத்தாள். கன்னத்தை மணலில் வைத்ததும் ஊரே மறைந்துபோனது. புல் காடாக உயர்ந்தது. அலைச்சத்தம் வயிற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று அவளுக்கே புரியவில்லை. ஈரம் சொட்ட ஒரு பெங்குவின் அவள் முகத்தைத் தாண்டிப் போனது. நேராகச் சாலைக்குப் போகவில்லை. புல்லுக்குள் புகுந்து, சாலைக்கு அடியில் போகும் மழைநீர்க் குழாயை எட்டிப் பார்த்தது. உள்ளே ஒரே இருட்டு. திரும்பிச் சாலைமேல் ஏறியது.

நாயோடு வந்த நெவில் நின்றான். "உடம்புக்கு என்ன?"

"படு."

தொந்தியைச் சமாளித்துப் படுத்தான். அடுத்த பெங்குவினும் அதேபோல் எட்டிப் பார்த்துத் திரும்பியது.

"குழாயோட அந்தப் பக்கம் குப்பை வராம இருக்கக் கம்பிவலை அடிச்சேன். இலை அடைச்சிருக்கும்," என்றான் மெதுவாக. "நாளைக்கே ஊராட்சிக் கூட்டத்துல சொல்லிடறேன்."

"வேண்டாம். இந்த யோசனை இன்னும் கண்ணு தொறக்காத குட்டி. ஆளுக்கு ஒரு தடவ தூக்கிப் பார்த்தே கொன்னுடுவாங்க. முதல்ல வலைய எடுத்துடு."

சாக்கடை சுத்தம் செய்கிறேன் என்று சொல்லி அவனே வலையைக் கழற்றினான். குழாயின் மறுமுனையில் வட்டமாக வானம் தெரிந்தது.

"இப்ப உன் 'ஆனா'வெல்லாம் கொட்டு," என்றாள் மெரின்.

"மழை பேஞ்சா மூழ்கிடும். நாய் உள்ள போகும்."

இரண்டும் நியாயம்தான். குழாய்க்குள் ஓரமாகக் கல் அடுக்கி நடைமேடை கட்டினார்கள். பெங்குவின் மட்டும் நுழையும்படி வாயைக் குறுக்கினார்கள். அதன் பிறகுதான் யோசனையை ஊராட்சிக் கூட்டத்தில் வைத்தார்கள்.

முதலில் ஒன்றும் வரவில்லை. ஊரார் கேலி செய்தார்கள். ஒரு மூடுபனி அந்தியில், கிழட்டுப் பெங்குவின் ஒன்று குழாய் வாயில் வெகுநேரம் தயங்கி நின்றது. பிறகு தள்ளாடித் தள்ளாடி அந்த வெளிச்ச வட்டத்துக்குள் நடந்து போய், அதிலேயே கரைந்துவிட்டது. மணலில் படுத்திருந்த இருவரும் அடுத்தது வருகிறதா என்று படுத்தபடியே பார்த்தார்கள்.

இன்னமும் சில பெங்குவின்கள் பிடிவாதமாகச் சாலைமேல்தான் போகின்றன. ஆனாலும் இப்போதெல்லாம் பல காலைகளில் மெரினுக்குப் புதைக்க எதுவும் இருப்பதில்லை.